மலையடி ஊரும் மாக்கடல் மொழியும்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட வயல்வெளியில் அமைந்தது உப்பிலியபுரம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர்ப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரிலிருந்து கீழைக்கடலின் கரையைத் தொட நூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். ஊர்ப்பெயரின் ஒலியே கடலுப்பிலிருந்து அதன் தொலைவைச் சொல்வது போலிருக்கும். ஆயினும் கொல்லிமலையில் பிறந்து புளியஞ்சோலை வழியே இறங்கும் ஐயாறு காவிரியைச் சேர்கிறது. காவிரி கடலைச் சேர்கிறது. நீர் செல்லும் வழியில் மாந்தரும் செல்கின்றனர். இத்தகைய உள்நாட்டு ஊர்களிலிருந்தும் இளையோர் கடற்படைக்கும் வணிகக் கப்பலுக்கும் சென்று சேர்கின்றனர்.

கடலைக் கண்ணாலும் காணாத ஒரு தாயின் மகன் மாலுமியாகிறான் என்று கொள்வோம். முதல் விடுப்பில் வீடு திரும்பும் அவன் பேச்சில் வாட்ச், லிபர்ட்டி, கேலி, டெக், பைப் என்று புதுச் சொற்கள் வந்து விழுகின்றன. தாய்க்கு அவை புரிவதில்லை. மகனுக்கோ அவற்றை விட்டால் தன் வாழ்வைச் சொல்ல வேறு சொற்கள் இல்லை. அச்சொற்களை வெறும் பேச்சுவழக்கு என்று ஒதுக்குதல் பிழை. காலம், தொலைவு, ஆழம், காற்று, ஒலி, ஒளி ஆகியவற்றைப் பற்றிய அறிவைச் சுருக்கி வைத்த பேழைகள் அவை. அவற்றைத் திறந்து காண்பதும், அவ்வறிவு இல்லத்தாருக்கு எவ்வகையில் துணையாகும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உறையூர் முதல் செங்கடல் வரை

உள்நாட்டு ஊருக்கும் கடலுக்கும் உறவில்லை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூசு' என்னும் கடல்வழி நூல், 'அர்காரு' என்னும் உள்நாட்டு நகரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அறிஞர் அதனைச் சோழர் தலைநகரான உறையூர் என்று கொள்வர். அந்நூல் மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலத்தையும், கங்கைக்கும் கீழை நாடுகளுக்கும் சென்ற பெருங்கலங்களையும் சோழமண்டலக் கரையில் வைத்துச் சொல்கிறது. எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த உடைந்த பானை ஓடொன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று பொறித்திருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பானையைத் தொங்கவிடும் உறியைத்தான் அச்சொல் குறிக்கிறது. அடுக்களைச் சொல் ஒன்று கடல் கடந்து இரண்டாயிரம் ஆண்டு மண்ணுள் உறங்கியிருக்கிறது. வீட்டின் சொல் கப்பலுக்குச் சென்றது போலக் கப்பலின் சொல்லும் வீட்டுக்கு வரத் தகும்.

காலத்தைப் பகுத்த மணி

மாலுமியின் வாழ்வை ஆள்வது 'வாட்ச்' என்னும் காவல்முறை. கப்பல் உறங்குவதில்லை. ஆகவே நாளின் 24 மணி நேரமும் நான்கு நான்கு மணியாகப் பகுக்கப்படுகிறது. நள்ளிரவு முதல் விடியல் 4 மணி வரை நடுக்காவல், 8 வரை காலைக் காவல், அவ்வாறே தொடரும். அரைமணிக்கு ஒருமுறை கப்பல்மணியை அடிப்பது பழைய வழக்கம். மணற்கடிகையின் மணல் அரைமணியில் வடிந்து முடியும். அதனைக் கவிழ்க்குந்தோறும் ஓர் அடி கூடும். எட்டாவது அடியோடு காவல் முடியும். 'எட்டு மணி' என்று மாலுமி சொன்னால் காவல் மாறும் வேளை என்று பொருள்.

இங்கு ஒரு நுண்ணிய கணக்கு உண்டு. 24 மணியை 4 ஆல் வகுத்தால் 6 காவல் வரும். இரண்டு குழுவோ மூன்று குழுவோ மாறி மாறி நின்றால், 6 என்னும் எண் இரண்டாலும் மூன்றாலும் மீதியின்றி வகுபடுவதால், ஒரே குழு நாள்தோறும் அதே நள்ளிரவில் நிற்க நேரும். இதனைத் தீர்க்க மாலை 4 முதல் 8 வரையுள்ள காவலை இரண்டாகப் பிளந்தனர். அவை 'நாய்க்காவல்' எனப்படும். காவல்கள் 7 ஆயின. 7 இரண்டாலும் மூன்றாலும் வகுபடாது. ஆகவே இன்று நடுக்காவல் நின்றவன் நாளை வேறு காவல் நிற்பான். துயரத்தைச் சமமாகப் பங்கிட எண்கணிதம் உதவியது.

நாளை 60 நாழிகையாகவும் 8 சாமமாகவும் பகுத்து, சாமந்தோறும் ஊரைக் காத்த மரபு நமக்கும் உண்டு. அம்மரபை அறிந்த தாய், மகன் ஏன் பின்னிரவில் விழித்திருந்து நண்பகலில் உறங்குகிறான் என்பதை எளிதில் உணர்வாள். விடுப்பில் வந்தவன் முதல் சில நாள் பொழுது தவறி உறங்குவது சோம்பல் என்று எவரும் கடிந்துகொள்ள வேண்டா. உடலின் உள்ளே ஓடும் நாட்கடிகை, மாறி மாறி வந்த காவலிலிருந்து மீளச் சில நாள் கேட்கும்.

கயிற்றில் கட்டிய வேகம்

கப்பலின் வேகத்தை 'நாட்' என்பர்; முடிச்சு என்பது அதன் நேர்ப்பொருள். பாய்க்கப்பல் நாளில் கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிந்தனர். மரத்துண்டு நீரில் நிற்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு அவிழ்ந்து ஓடும். கயிற்றில் ஏறத்தாழ 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 நொடி மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் கைவழியே எத்தனை முடிச்சுகள் சென்றனவோ அதுவே கப்பலின் வேகம். 14.4 மீட்டரை 28 நொடியால் வகுத்தால், ஏறத்தாழ மணிக்கு ஒரு கடல்மைல் என்னும் அளவு கிடைக்கும்.

கடல்மைல் என்பது 1,852 மீட்டர். நிலத்து மைலினும் அது நீளமாக இருப்பதற்குக் காரணம் புவியின் உருவமே. புவியைச் சுற்றிய வட்டத்தை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பகுத்தால் 21,600 பகுதி வரும். அவற்றுள் ஒரு பகுதியின் நீளமே கடல்மைல். ஆகவே கடல்வரைபடத்தில் கோணத்தை அளந்தாலே தொலைவு தெரிந்துவிடும். 15 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் செல்கிறது. இது ஊர்ப் பேருந்தின் வேகமே. ஆயினும் அது எங்கும் நில்லாது செல்வதால் ஒரு நாளில் 360 கடல்மைல், அதாவது 660 கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும்.

ஆழத்துக்கு 'ஃபேதம்' என்னும் அளவு உண்டு. 6 அடி, ஏறத்தாழ 1.83 மீட்டர். விரித்த இரு கைகளின் அகலம் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். தழுவுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆழம் பார்க்கும் கயிற்றை மாலுமி கைவிரித்துக் கைவிரித்து அளந்தான். நம் கரையோர மீனவர் இதே அளவைப் 'பாகம்' என்பர். உள்நாட்டிலும் கயிற்றை 'மார்' கணக்கில் அளப்பது உண்டு. மார்பளாவ விரித்த கைகளே அங்கும் அளவுகோல். கிணற்றுக் கயிற்றை மார்க்கணக்கில் அளந்த உழவனும் கடலாழத்தைப் பாகக்கணக்கில் அளந்த மாலுமியும் ஒரே அளவைக்குரியோர்.

இடம் சிவப்பு, வலம் பச்சை

கப்பலில் இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. கப்பலின் முன்னோக்கி நின்று பார்க்கும்போதுள்ள இடமும் வலமும் இவை. பார்ப்பவர் எத்திசை நோக்கித் திரும்பினாலும் இப்பெயர்கள் மாறா; இருளிலும் புயலிலும் குழப்பம் வராதிருக்கவே இந்த ஏற்பாடு. பழங்காலத்தில் திருப்புதுடுப்பு வலப்பக்கம் பூட்டப்பட்டது. அத்துடுப்பின் பெயராலேயே அப்பக்கம் ஸ்டார்போர்ட் ஆயிற்று. துடுப்பு உடையாதிருக்க இடப்பக்கத்தையே துறைமேடையோடு சேர்த்துக் கட்டினர். இடப்பக்கத்தின் பழம்பெயர் 'லார்போர்ட்'. ஓசையில் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்து இடர் விளைத்ததால் பிரிட்டனின் கடற்படை 1844 இல் அதனைக் கைவிட்டுப் 'போர்ட்' என்பதை ஏற்றது. உயிர் காக்கும் இடத்தில் சொற்கள் தெளிவாகப் பிரிந்தொலிக்க வேண்டும் என்னும் மொழியியல் உண்மை இதில் அடங்கியுள்ளது.

இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். ஒவ்வொன்றும் 112.5 பாகை அகலத்துக்கு ஒளி வீசும்; பின்புற வெள்ளை விளக்கு 135 பாகைக்கு வீசும். மூன்றையும் கூட்டினால் 360 பாகை, ஒரு முழு வட்டம். எனவே தொலைவில் சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி நேரே வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் விலகிச் செல்கிறது. கடற்கரையில் மகனை வழியனுப்பும் தாய் கடைசியாகக் காண்பது அவ்வெள்ளை ஒளியே.

குழலின் கட்டளை

'பைப்' என்பது கப்பலில் கட்டளை பிறப்பிக்கும் சிறு ஊதுகுழல். 'போசன்' எனப்படும் தளத் தலைவனின் குழல் அது. அதன் உறுப்புகளுக்கும் கப்பற்பெயர்களே இட்டிருக்கின்றனர். உருண்டைப் பகுதி மிதவை, குழாய் பீரங்கி, அடித்தகடு அடிமரம், வளையம் நங்கூர வளையம். கடற்காற்றின் இரைச்சலும் அலையின் முழக்கமும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியுடையவை. ஆகவே கூர்மையான உயர்ஒலி அவற்றைக் கிழித்துக்கொண்டு கேட்கிறது. கப்பலில் வாயால் சீழ்க்கை அடித்தல் ஆகாது என்னும் கட்டுப்பாட்டுக்கும் இதுவே தக்க விளக்கம். சீழ்க்கையைக் கட்டளை என்று ஒருவன் மயங்கிக் கயிற்றைத் தளர்த்தினால் மற்றவன் உயிர் போகலாம்.

கூடி இழுக்கும் வேலைக்குக் கூட்டுக்குரல் வேண்டும் என்பதை நம் ஊரும் அறியும். திருவரங்கத்துத் தேரின் வடத்தைப் பல நூறு கைகள் பற்றினாலும், எல்லோர் வலிமையும் ஒரே நொடியில் சேர்ந்தாலன்றித் தேர் அசையாது. பாய் ஏற்றிய மாலுமியரும் வலை இழுக்கும் மீனவரும் ஒலிக்கும் 'ஐலசா' விசைகளை ஒரு நொடியில் குவிக்கும் அறிவியல் கருவியாகும்.

தமிழ் தந்த சொற்கள்

உலக மாலுமியர் மொழிக்குத் தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் கொடை அளித்துள்ளன. 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியிட்ட பயண நூலில் அதனை விரித்துரைத்தார். இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட விரைவுக்கலத்தைக் குறிக்கிறது. கயிறு 'காயர்' ஆயிற்று. தென்னைநார்க் கயிறு நீரில் மிதப்பதாலும், நீண்டு கொடுத்து அலையின் இழுப்பைத் தாங்குவதாலும், உப்புநீரில் எளிதில் மக்காததாலும் கப்பல்களுக்கு உகந்தது. தேக்கு 'டீக்' ஆயிற்று. ஓக்கு மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கோ தன் நெய்ப்பசையால் நீரையும் புழுவையும் விலக்கி ஆணியைக் காக்கும். 1817 இல் மும்பையில் தேக்கால் கட்டித் திருகோணமலையின் பெயரிட்ட போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருப்பது இதற்குச் சான்று.

தோணியை ஆளும் தலைவனைத் தூத்துக்குடியில் 'தண்டல்' என்பர். அச்சொல்லே 'டிண்டல்' என்று ஆங்கிலேயர் கப்பலில் ஏறியது. 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமியரின் கலப்புமொழியில் பாரசீகம், அரபு, போர்த்துக்கேயம், இந்துத்தானி, தென்னக மொழிகள் யாவும் கலந்திருந்தன. தாமசு ரோபக்கு 1811 இல் கல்கத்தாவில் அம்மொழிக்கு அகராதியே வெளியிட்டார். சுக்கான், பருமல், பண்டாரி என்று நம் தோணிகளில் வழங்கும் சொற்களும் அவ்வுறவின் அடையாளங்கள். பண்டாரி என்பவர் கப்பற் சமையற்காரர். அவர் பணியிடமே கடற்படையில் 'கேலி'. நம் செவிக்கு வேறு பொருள் தரும் அச்சொல்லுக்கு அங்கே அடுக்களை என்று பொருள். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்றும், கடல்நீரோட்டத்துக்கு நீவாடு என்றும் திசைதோறும் பெயரிட்ட நம் மீனவர் மொழியையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிலத்தில் நிற்கும் கப்பல்கள்

இந்தியக் கடற்படையின் நிலத்து நிலையங்களும் 'ஐ.என்.எஸ்.' என்னும் கப்பல் முன்னொட்டைத் தாங்கும். அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று பணி தொடங்கிய வான்தளம் ஐ.என்.எஸ். இராசாளி, இராமநாதபுரத்து உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து, கோவையில் ஐ.என்.எஸ். அக்ரணி. இவற்றுள் கோவையும் அரக்கோணமும் கடல் தெரியாத ஊர்கள். ஆயினும் அங்குத் தரை 'டெக்', சமையற்கூடம் 'கேலி', வாயிலைத் தாண்டி ஊருக்குள் செல்வது 'லிபர்ட்டி'. பிரிட்டனின் மாலுமியர் இத்தகைய நிலையத்தைக் 'கல் போர்க்கப்பல்' என்று அழைத்தனர். இடம் எதுவாயினும் கடலொழுக்கம் மாறாதிருக்க வேண்டும் என்பதே இம்மரபின் உட்பொருள். மகன் நிலத்தில் நின்றுகொண்டே 'கப்பலில் இருக்கிறேன்' என்று சொன்னால் அது பொய்யன்று.

பேசாக் கடலின் இயற்பியல்

இல்லத்தாரை மிகவும் வருத்துவது தொலைபேசியின் அமைதி. கப்பல் புறப்பட்டுச் சில மணியில் அழைப்பு அறுந்துவிடும். கரைக்கோபுரத்தின் அலைகள் நேர்க்கோட்டில் செல்வன, புவியோ வளைந்தது. எனவே சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அவை எட்டுவதில்லை. மேலும் கப்பல் இருக்குமிடத்தைப் பிறர் அறியாதிருக்க வானலை வெளியீட்டை அடக்குவதும் கடற்படை வழக்கம்.

நீர்மூழ்கியில் இருப்போரின் நிலை இன்னும் கடினம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆதலால் வானலையை விழுங்கிவிடும். நம் கைப்பேசி அலை சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே மடியும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலையே ஓரளவு ஊடுருவும். 20 கிலோஎர்ட்சு அலையின் நீளம் 15 கிலோமீட்டர். கடல்நீரில் அதுவும் ஒவ்வொரு 1.8 மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் 1990 அக்டோபர் 20 அன்று பணி தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இத்தகைய தாழலைகளால் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அவ்வலை சில எழுத்துகளைச் சுமக்கும். மனிதக் குரலைச் சுமக்க இயலாது. நீருக்குள்ளிருந்து மறுமொழி அனுப்பவும் முடியாது. அவ்வளவு நீண்ட அலைக்கு வேண்டிய அலைக்கம்பம் கப்பலில் அடங்காது.

ஆகவே தாய்மார் ஒன்றை உறுதியாகக் கொள்ளலாம். செய்தி வாராமை தீங்கின் அடையாளம் ஆகாது; புவியின் வளைவும் உப்புநீரின் இயல்பும் பணியின் கட்டுப்பாடும் அதற்குப் போதிய காரணங்கள். செய்தி வாராதபோது புரளி எழும்; அமெரிக்க மாலுமியர் அதனை 'ஸ்கட்டில்பட்' என்பர். குடிநீர் வைத்த துளையிட்ட மிடாவின் பெயர் அது. நீர் பருகக் கூடிய இடத்தில் பிறந்த பேச்சு அப்பெயரைப் பெற்றது. நம் கிணற்றடிப் பேச்சும் அவ்வினத்தது. அதன் தன்மை அறிந்தவர் அதற்கு அஞ்ச மாட்டார்.

இல்லத்தாரின் கையில் தொடங்கும் கப்பல்

கப்பலின் மரபுகளில் குடும்பத்துக்கு உரிய இடம் சிறியதன்று. நம் நாட்டில் போர்க்கப்பலை முதன்முதல் நீரில் இறக்கும் சடங்கைப் பெண்ணொருவரே செய்வது வழக்கம்; தேங்காய் உடைத்து வாழ்த்திப் பெயரிடுவர். கொச்சியில் கட்டிய விக்ராந்து கப்பலை 2013 ஆகத்து 12 அன்று, அன்றைய பாதுகாப்பு அமைச்சரின் துணைவியார் எலிசபெத்து அந்தோணி நீரில் இறக்கினார். ஆனால் 'ஐ.என்.எஸ்.' என்னும் முன்னொட்டு, பணியில் சேர்க்கும் நாளில்தான் கப்பலுக்குக் கிட்டும். விக்ராந்துக்கு அந்நாள் 2022 செப்டம்பர் 2. அதே பெயர் தாங்கிய முன்னைக் கப்பல் 1961 முதல் 1997 வரை நாட்டைக் காத்தது. கப்பல் அழியினும் பெயர் அழியாது என்பது கடற்படை மரபு. 1971 திசம்பர் 9 அன்று 18 அதிகாரிகளோடும் 176 மாலுமிகளோடும் கடலில் ஆழ்ந்த குக்ரி என்னும் போர்க்கப்பலின் பெயர் 1989 இல் புதிய கப்பலில் மீண்டும் எழுந்தது. இழந்தோரை நினைவில் நிறுத்தும் வழியாகவும் மொழி பயன்படுகிறது.

பணி முடிந்த கப்பலில் நீண்ட விடைக்கொடி பறக்கும். கதிரவன் மறையும் வேளையில் கடற்படைக்கொடி இறுதியாக இறங்கும். குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றி ஒரு நாள் கடல் காட்டும் வழக்கமும் உண்டு. அவ்வாய்ப்புக் கிட்டினால் மலையடி ஊர்ப் பெற்றோர் தவறவிடக் கூடாது. மகன் சொல்லும் சொற்கள் யாவும் அன்று கண்முன் பொருள்களாக நிற்கும்.

காத்திருப்போர் நிலையில் மட்டும் பெண்கள் இன்று இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார். ஏறத்தாழ எட்டு மாதம் கரையிலிருந்தோர் அவர்களுக்காகக் காத்திருந்தனர்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

கடலோனாகிய வருணனை நெய்தல் நிலத்துக்கு உரியவனாக வைத்தது தொல்காப்பியம். இந்தியக் கடற்படையின் குறிமொழியும் அவ்வருணனின் அருளையே வேண்டுகிறது. அதனைத் தெரிந்துரைத்தவர் இராசாசி என்பர். நம் மரபுக்குக் கடல் அயலானதன்று.

ஆகவே கடலோடியரின் பெற்றோரும் துணைவியரும் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள், பொருள் கேளுங்கள், இணையான தமிழ்ச்சொல்லைத் தேடுங்கள். உங்கள் வீட்டுக் குறிப்பேடே நாளைய கலைச்சொல் அகராதிக்கு ஓர் ஏடாகலாம். இரண்டாவது, கப்பல் புறப்படும் நாளையும் சேரும் துறையையும் கைப்பேசிக் குழுக்களில் பரப்பாதீர்கள். உங்கள் நாவடக்கமும் கப்பலுக்கு ஓர் அரண். மூன்றாவது, செய்தி வாராத நாளில் அஞ்சாதீர்கள். அந்நேரத்தில் உங்கள் மகன் நடுக்காவல் நிற்கலாம், அல்லது அலை எட்டாத் தொலைவில் 15 நாட் வேகத்தில் சென்றுகொண்டிருக்கலாம். இதனை அறிந்த வீட்டில் காத்திருப்பு எளிதாகும். உப்பிலியபுரத்துத் திண்ணையிலும் ஒரு கடல்வரைபடம் விரியட்டும்.